வெயிலில் விளையும் வாயு

1923-ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஒரு பிரசங்கம் செய்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் வற்றிப் போகும் என்றும், அன்று நாடெங்கும் உலோகக் காற்றாடிகள் வரிசை வரிசையாய்ச் சுழன்று மின்சாரம் தரும் என்றும், காற்று பலமாக வீசும் நாட்களில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்துப் பூமிக்கடியில் பெரிய தொட்டிகளில் சேமித்து வைப்பார்கள் என்றும் அவர் சொன்னார். நானூறு வருஷங்களுக்கு அப்பால் இருக்கப் போகும் உலகத்தைப் பற்றிய பேச்சு அது. அதே ஹால்டேன் 1957-இல் நமது நாட்டுக்கு வந்து குடியேறி, இந்தியப் பிரஜையாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

அவருடைய பிரசங்கத்துக்கு நூறு வயது ஆவதற்கு ஒரு மாதமே இருந்தபோது, 2023 ஜனவரியில், இந்திய சர்க்கார் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். 2030-ஆம் வருஷத்துக்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுப்பது நோக்கம். பணம் வரி செலுத்துவோருடையது. ஆகவே இந்த வாயு கிலோ என்ன விலைக்கு விளையும் என்று கேட்கும் உரிமை நேயர்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரஜனுக்கு நிறம் கிடையாது. 'பசுமை' என்பது அது பிறந்த குலத்தைக் குறிக்கும் பட்டமே ஒழிய அதன் குணத்தைக் குறிப்பதன்று. இன்று உலகம் ஆண்டுதோறும் ஒன்பதரைக் கோடி டன்னுக்குக் குறையாமல் ஹைட்ரஜன் உண்டாக்குகிறது. ஏறக்குறைய முழுவதும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுப்பது. இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது பத்துக் கிலோ கரியமில வாயு ஆகாயத்தில் கலக்கிறது. நிலக்கரியானால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. தண்ணீரிலிருந்து, வெயில் அல்லது காற்று தரும் மின்சாரத்தால் எடுத்தால் இந்தப் பாவம் மிகச் சொற்பம். அதனால் பசுமை.

தண்ணீரைப் பகுப்பது புதிய வித்தை அல்ல. வோல்ட்டாவின் மின்கலம் பற்றிய செய்தி எட்டிய 1800-ஆம் வருஷத்திலேயே நிக்கல்ஸன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர் அதைச் செய்துவிட்டார்கள். எந்த உயர்நிலைப் பள்ளியிலும் இரண்டு சோதனைக் குழாய்களையும் ஒரு மின்கலத்தையும் வைத்துக்கொண்டு செய்து காட்டலாம். ஒரு குழாயில் பிராணவாயு ஒரு பங்கு சேரும்போது மற்றொன்றில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு சேரும். அந்தக் குழாயின் வாயில் நெருப்புக் குச்சியைக் காட்டினால் 'பட்' என்று ஓசை எழும். நமது வகுப்பில் இச்சோதனை நடக்கும் நாட்களில் கடைசி பெஞ்சும் விழித்துக் கொள்வது வழக்கம்.

இனி அளவுகள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர் வேண்டும். எட்டுக் கிலோ பிராணவாயு கூடவே பிறக்கும். யந்திரத்தில் சிறிதும் நஷ்டமே இல்லாவிட்டாலும் இதற்குச் சுமார் 39 யூனிட் சக்தி செலவாகும். இயற்கை விதித்த வரி இது. இதில் தள்ளுபடி கிடையாது. நடைமுறையில் நல்ல யந்திரங்கள் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. மிகுதி சூடாகப் போய்விடுகிறது. அந்த ஒரு கிலோ வாயுவில் அடங்கிய சக்தி சுமார் இரண்டே முக்கால் கிலோ பெட்ரோலுக்குச் சமம்.

இவ்வளவு எளிய காரியத்தை உலகம் ஏன் இத்தனை நாள் செய்யவில்லை என்று கேட்கலாம். செய்தது, செய்து கைவிட்டது. இந்தச் சரித்திரம் சுவையானது, அத்துடன் இன்றைய திட்டத்துக்கு மிகவும் வேண்டியது.

ஹைட்ரஜனுக்குப் பெரிய வாடிக்கைக்காரர் உரத் தொழிற்சாலை. காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவிலிருந்து யூரியா முதலிய உரங்கள். நமது சாப்பாட்டுத் தட்டிலிருக்கும் சோற்றுக்கும் இந்த வாயுவுக்கும் உள்ள உறவு இதுதான். நார்வே தேசத்தில் ருயூகான் என்ற மலையூரில், அருவி தந்த மலிவான மின்சாரத்தால் 1929 முதல் தண்ணீரைப் பகுத்து உரத்துக்கு ஹைட்ரஜன் எடுத்தார்கள். அங்கே உபபொருளாகக் கிடைத்த கனநீருக்காகத்தான் ஜெர்மானியர் அதைப் பொத்திப் பாதுகாத்ததும், 1943-இல் நார்வே வீரர்கள் பனியில் சறுக்கிச் சென்று அந்தக் கலங்களை வெடி வைத்துத் தகர்த்ததும் நடந்தன. அது வேறு கதை. யுத்தத்தில் தப்பிய அந்தத் தொழிற்சாலை விலையிடம் தப்பவில்லை, 1971-இல் மூடப்பட்டது. எண்ணெயும் வாயுவும் அருவியைவிட மலிவாகிவிட்டன.

நமது நாட்டிலும் இதற்கு ஒரு தம்பி இருந்தது. பஞ்சாபில், பக்ரா அணைக்குக் கீழே நங்கல் என்ற ஊரில், 1960-களின் தொடக்கத்தில் ஓர் உரத் தொழிற்சாலை ஏற்பட்டது. சட்லெஜ் நதியின் நீர், அதே நதி தந்த மின்சாரம், காற்றிலிருந்து நைட்ரஜன்: இவற்றைக் கொண்டு அங்கே உரம் செய்தார்கள். அன்று உலகத்திலேயே பெரிய மின்பகுப்புத் தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று. சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம்கூட நிறையாத ஒரு தேசம், எண்ணெய்க்கு யார் கையையும் எதிர்பாராமல் தன் ஆற்றிலிருந்தே வயலுக்கு உரம் கறந்தது என்பதை நாம் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை. பாடப் புத்தகங்களில் பக்ரா அணையின் உயரம் இருக்கும். நங்கல் வாயு இராது.

ஆனால் கணக்கு விடுமா? ஒரு கிலோ அம்மோனியாவில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் ஹைட்ரஜன் இருக்கிறது. மின்பகுப்பு வழியில் அதற்குப் பத்து யூனிட் மின்சாரம் வேண்டும். கிணற்றுப் பம்புகளும் நகரங்களும் ஆலைகளும் மின்சாரத்துக்குப் பறக்கத் தொடங்கியபோது, அதை உரத்தில் கரைப்பது கட்டுப்படியாகவில்லை. நங்கல் முதலில் எண்ணெய்க்கு மாறியது. பிறகு இயற்கை வாயுவுக்கு மாறியது. அந்த வாயுவில் ஏறக்குறையப் பாதியை இன்று நாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வாங்குகிறோம். ஆகவே இப்போது கிளம்பியிருக்கும் திட்டத்தைப் புதிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவதைவிட, நங்கல் தோற்ற இடத்தில் இது ஜயிக்குமா என்று கேட்பதே பொருத்தம்.

மாறியிருப்பது ஒன்றே ஒன்று: சூரிய மின்சாரத்தின் விலை. 2010-இல் சூரிய மின் நிலையங்களுக்கு நம் நாட்டில் ஏலம் விட்டபோது யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். 2017-இல் ராஜஸ்தானத்துப் பாத்லாவில் 2 ரூபாய் 44 பைசாவுக்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 பைசா வரை இறங்கியது. பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு! அரிசி விலை இப்படி இறங்கியதை நம் ஆயுளில் யாரும் பார்த்ததில்லை.

இப்போது ஒரு சதுர மீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சாய்வு நாற்காலி போடும் இடம். நம் நாட்டில் அதன்மீது சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து யூனிட் சக்தி வெயிலாக விழுகிறது. அதில் ஒரு சூரியப் பலகையை வைத்தால் நூற்றுக்கு இருபது வீதம், அதாவது ஒரு யூனிட், மின்சாரமாகக் கிடைக்கும். கிலோவுக்கு 55 யூனிட் எடுக்கும் யந்திரத்தில் அதைச் செலுத்தினால் வருவது 18 கிராம் ஹைட்ரஜன். விழுந்த வெயிலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வாயுவாகிவிட்டது என்று அர்த்தம். புல்லும் நெல்லும் வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சேமிப்பதே பெரும்பாடு என்பதை நினைத்தால் இது அலட்சியம் செய்யத்தக்க சாதனை அல்ல.

சாதனை வேறு, வியாபாரம் வேறு. யூனிட் இரண்டரை ரூபாய் என்று வைத்தால், ஒரு கிலோவுக்கு மின்சாரச் செலவு மட்டும் 137 ரூபாய். யந்திரத்தின் விலை? ஒரு கிலோவாட் அளவுள்ள மின்பகுப்பு யந்திரம், அமைப்புச் செலவுடன், 60,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வட்டியும் தேய்மானமுமாக வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, 6,000 ரூபாய், அது சம்பாதிக்க வேண்டும். வெயிலை மட்டும் நம்பியிருந்தால் அது வருஷத்தில் முழு வேகத்தில் 1,800 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும். வருஷத்தில் 8,760 மணி நேரம் இருக்க, மிகுதி நேரமெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். அதன் வருஷ விளைச்சல் 33 கிலோ. கிலோவுக்கு யந்திரக் கூலி 181 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 318 ரூபாய். இயற்கை வாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனோ, வாயுவின் விலையைப் பொறுத்து, கிலோ சுமார் 150 முதல் 200 ரூபாய் வரை.

நாம் போட்ட இந்தக் காகிதக் கணக்கு நிஜ வியாபாரத்தோடு ஒத்து வருகிறதா என்றும் பார்த்துவிடலாம். 2025 ஜூலையில் உரத் தொழிற்சாலைகளுக்குப் பசுமை அம்மோனியா வழங்க நடந்த முதல் ஏலம் கிலோ 55 ரூபாய் 75 பைசாவில் முடிந்தது. அதிலுள்ள ஹைட்ரஜன் தலையிலேயே முழு விலையையும் ஏற்றினால் கிலோ 316 ரூபாய் ஆகிறது. அம்மோனியாவாக்கும் செலவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். சர்க்கார் தரும் ஊக்கத்தொகையையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்ட விலை அது. ஆகவே இரண்டும் வெகு தூரத்தில் இல்லை.

இந்த 318-ஐ எப்படிக் குறைப்பது? விஞ்ஞானிகள் முதலில் சொல்லும் மார்க்கம் யந்திரத்தின் திறனைக் கூட்டுவது. 55 யூனிட் 45 ஆனால் கிலோவுக்கு மின்சாரத்தில் 25 ரூபாய் மிச்சம்; யந்திரக் கூலியும் ஓரளவு தணியும். நல்லதுதான். ஆனால் யந்திரத்தைச் சும்மா இருக்கவிடாமல் செய்வது அதைவிடப் பெரிய லாபம். வெயிலோடு காற்றையும் சேர்த்து வருஷத்தில் 4,000 மணி நேரம் ஓட்டினால் யந்திரக் கூலி 181-லிருந்து 82-க்கு இறங்குகிறது. காற்று மின்சாரம் சற்றுக் கூடுதல் விலை; கலந்து யூனிட் மூன்று ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 247 ரூபாய்தான். வட்டி விகிதம் குறைந்தால் இன்னும் இறங்கும். திறனைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் இடும் போட்டியைக் காட்டிலும், பாங்கிக்காரரின் வட்டி இந்த வாயுவின் விலையை அதிகம் நிர்ணயிக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

ஆய்வுக்கூடங்களின் போட்டியை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதுவும் ரஸமான விஷயமே. பலகை, கம்பி, யந்திரம் என்று சுற்றி வளைக்காமல், தண்ணீரில் ஒரு பொருளைப் போட்டு வெயிலில் வைத்தால் வாயு தானே குமிழியிட்டு வர வேண்டும் என்பது அவர்கள் கனவு. டோக்கியோவில் ஃபுஜிஷிமாவும் அவருடைய ஆசிரியர் ஹோண்டாவும் டைட்டானியம் ஆக்ஸைடின்மீது ஒளி படும்போது தண்ணீர் பகுபடுவதை 1972-இல் உலகுக்கு அறிவித்தார்கள். வெள்ளைப் பெயிண்டில் சேரும் சாமானியப் பொருள் அது. நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட்டிலிருந்தும் அதைப் பெறலாம். ஆனால் அது வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஊதாப் பகுதியை மட்டுமே உண்ணும். பந்தியில் பத்துப் பதார்த்தம் பரிமாறியிருக்க, ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்திருக்கும் விருந்தாளி போல.

அதன் பிறகு முயற்சிகள் பல. 1998-இல் அமெரிக்காவில் டர்னரும் காஸலெவும் அரிய உலோகங்களால் செய்த ஒரு சில்லு நூற்றுக்கு 12.4 எட்டியது, இருபது மணி நேரத்திலேயே தளர்ச்சி காட்டியது. 2016-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பலகையும் பகுப்பு யந்திரமும் இணைத்து, வெயிலைக் குவித்து, 48 மணி நேரம் நூற்றுக்கு 30 கண்டார்கள். 2021-இல் ஜப்பானில் டோமென் குழுவினர் நூறு சதுர மீட்டர் பரப்பில் திறந்த வெளியிலேயே தூள் பூசிய தட்டுகளை விரித்து மாதக்கணக்கில் வாயு சேகரித்தார்கள். திறன் நூற்றுக்கு 0.76. 2023-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில், குவித்த ஒளியில், 9.2. திறன் ஏறினால் ஆயுள் குறைகிறது அல்லது விலை ஏறுகிறது. ஆயுளும் மலிவும் வந்தால் திறன் இறங்குகிறது.

தூள் மலிவாயிருந்தால் திறன் குறைந்தாலும் பாதகமில்லையே என்று தோன்றும். நமது சாய்வு நாற்காலி நிலத்துக்கே திரும்புவோம். நூற்றுக்கு ஒன்று என்ற திறனில் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிராம். வருஷத்துக்கு 550 கிராம். கிலோ 200 ரூபாய்க்கு விற்றால் கிடைப்பது 110 ரூபாய். அந்தச் சதுர மீட்டருக்குக் கண்ணாடி போட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், குழாய் இழுக்க வேண்டும். அதோடு ஒரே மூடிக்குள் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் இரண்டுக்கு ஒன்று என்று கலந்து வெளிவரும். வெடிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான கலவை கிடையாது. அவற்றைப் பிரிக்கவும் வேண்டும். தூளை இனாமாகக் கொடுத்தாலும் வருஷம் 110 ரூபாயில் எந்தக் கொத்தனாரும் கை வைக்க மாட்டார். திறன் பத்தாக ஏறி, பத்து வருஷம் உழைத்தால் அதே இடம் வருஷம் 1,100 ரூபாய் தரும், அப்போது பேசலாம். அதுவரையில் பலகையும் யந்திரமும் தனித்தனியாக இருக்கும் மார்க்கமே நடைமுறைக்கு உரியது.

இல்லத்தரசிகள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம்: இந்த வாயு அடுப்புக்கு வருமா? வர வேண்டிய அவசியம் இல்லை. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, பிறகு அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். பாலைத் தயிராக்கி, மோராக்கி, திரும்பப் பாலாக்கப் பார்ப்பது போன்ற வேலை. சமையலுக்கு மின்சார அடுப்பு நேரடியாக இருக்கிறது. மோட்டார் வண்டிக்கும் அப்படியே. ஒரு கிலோ ஹைட்ரஜன் சாதாரணமாக 11 கன மீட்டர் இடம் அடைக்கும். வண்டியில் ஏற்ற எழுநூறு மடங்கு காற்றழுத்தத்தில் அடைக்க வேண்டும். மின்சாரம் நேரே செய்ய முடியாத காரியங்கள் மூன்று நான்குதான்: உரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, இரும்புத் தாதுவை உருக்காக்குதல், நெடுந்தூரக் கப்பல். அங்கே இவ்வாயுவுக்கு மாற்று அரிது; அங்கேதான் இதைச் செலவிட வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு 27,500 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். தேசம் முழுவதும் இன்று உண்டாக்கும் மின்சாரத்தில் ஆறு ஏழில் ஒரு பங்கு. அதை அலங்காரத்துக்குச் செலவிட இயலாது.

தூத்துக்குடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுதேசிக் கப்பல் விட்ட சிதம்பரம் பிள்ளையின் பெயர் தாங்கிய அந்தத் துறைமுகம், ஹைட்ரஜன் கேந்திரங்களாகத் தேர்ந்தெடுத்த மூன்றில் ஒன்று. காண்ட்லாவும் பாரதீப்பும் மற்ற இரண்டு. 2025 செப்டம்பரில் அங்கே ஒரு மாதிரி நிலையம் தொடங்கியது. மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த வாயுவால் துறைமுகக் குடியிருப்பின் தெரு விளக்குகள் எரிகின்றன. மேலே சொன்ன மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம் இதிலும் உண்டு. வேலை பழகுவதற்கு என்றால் சரி, வழக்கமாகிவிடக் கூடாது. விளக்கைவிட, அதே ஊரில் பல வருஷங்களாக நடந்துவரும் உரத் தொழிற்சாலையும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் இந்த வாயுவுக்குத் தகுந்த வாடிக்கைக்காரர்கள். வெயிலும் காற்றும் ஒருங்கே அமைந்த சீமை. 4,000 மணி நேரக் கணக்கு பலிக்கக்கூடிய இடம்.

ஆனால் அது தண்ணீருக்குத் தவிக்கும் சீமையும் ஆகும். ஒரு கிலோவுக்கு ஒன்பது லிட்டர் என்பது ஏட்டுக் கணக்கு. குளிர்விக்கவும் சுத்தம் செய்யவும் சேர்த்து இருபது லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கடல் நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் நான்கு யூனிட் ஆகிறது. இருபது லிட்டருக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முந்நூறு ரூபாய்ப் பண்டத்தில் மின்சாரக் கூலி இருபது பைசா. சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவைச் சேர்த்தாலும் கிலோவுக்குச் சில ரூபாய்க்கு மேல் போகாது. ஊர்க் கிணற்றிலும் தாமிரபரணியிலும் கை வைப்பதற்கு எந்தக் கம்பெனிக்கும் விலையின் பெயரால் காரணம் சொல்ல முடியாது. கடல் நீரையே எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.